அத்தைக்குத் தெரியக்கூடாத குழாய்

1. சரவணனின் போன்

"மேடம், ஒன்பது வயசுப் பொண்ணு. மூணு நாளா தலைவலி, வாந்தி. கூப்பிட்டா கண்ணைத் தொறக்குது, உடனே தூங்கிடுது. மூளைக் காய்ச்சலா இருக்கலாம்னு குழந்தைகள் பிரிவுல நினைக்கிறாங்க. எல்பி பண்ணலாமான்னு நம்மகிட்ட ஒப்பீனியன் கேக்குறாங்க."

கேஷுவாலிட்டியிலிருந்து பேசியவன் சரவணன். என் யூனிட்டில் மூளை அறுவைச் சிகிச்சை படித்துக்கொண்டிருந்த ரெசிடென்ட், தென்காசிப் பையன். நான் ஓபிடியில் இருந்தேன். எதிரே ஒரு குழந்தையும் அதன் தாயும்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல மேடம்."

"சிடி?"

"க்யூல இருக்கு."

"பழைய ஆபரேஷன், வியாதி, ஏதாவது?"

"ஒண்ணுமே இல்லியாம் மேடம். நம்ம ஊர்க்காரங்கதான். தமிழ்லயே நல்லா விசாரிச்சிட்டேன்."

"நான் வர்ற வரைக்கும் யாரும் முதுகுல ஊசி வைக்கக் கூடாது. முதல்ல சிடிக்குச் சொல்லு, க்யூவை நிறுத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. புனேயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு மூளை அறுவை செய்வதே வேலையாக இருந்தவள் நான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். என் கோபம் இன்னும் ஓய்வு பெறவில்லை. வார்டில் மராத்தி சிஸ்டர்கள் எனக்கு 'திகட் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். திகட் என்றால் காரம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வைத்த பெயர். இதைச் சின்ன டாக்டர்களுக்காக எழுதுகிறேன். பெற்றோர் படித்தாலும் நல்லதுதான், ஆனால் திட்டு முதலில் அவர்களுக்குத்தான் விழும்.

ஊசியை ஏன் தடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்பி என்பது முதுகெலும்பில் ஊசி செலுத்தி, மூளையைச் சுற்றி ஓடும் நீரைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது. நல்ல சோதனைதான். ஆனால் தலைக்குள் நீர் வழி அடைபட்டு அழுத்தம் ஏறிக் கிடக்கும்போது கீழே துளை போட்டால், மேலே இருக்கும் மூளை கீழ்நோக்கி இறங்கி நசுங்கும். மூச்சு அந்தக் கட்டிலிலேயே நின்றுவிடலாம். காய்ச்சல் இல்லாமல், வாந்தி எடுத்து, மயங்கிக் கிடக்கிற குழந்தைக்கு ஸ்கேன் பார்க்காமல் அந்த ஊசியைத் தொடவே கூடாது.

2. "ஒண்ணுமில்ல ஆன்ட்டி"

குழந்தையின் பெயர் ஹரிணி. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, ரிப்பன், கையில் வாடிப்போன மருதாணி. அப்பா முருகேசன் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் சிவிலியன் ஊழியர். அம்மா செல்வி. இவர்கள் ஆகுர்டியில் புது ஃப்ளாட் வாங்கிப் பால் காய்ச்சியிருந்தார்கள். அதற்காகச் சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்த முருகேசனின் அக்கா சண்முகவடிவும் கட்டிலருகே நின்றிருந்தார்.

நான் போனபோது அந்த அம்மாள் சரவணனை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"தென்காசில எங்கனய்யா? அப்ப அந்தப் பாத்திரக்கடைக்காரரு பேரனா நீங்க? அட, உங்க பெரியம்மை எங்க தெருவுக்குல்லா வாக்கப்பட்டு வந்திருக்காவ!"

சரவணன் முகமெல்லாம் சிரிப்பு. புனேயில் இப்படி ஒரு குரல் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அவனை நான் குறை சொல்லவில்லை, அப்போதைக்கு.

"ஹரிணி, கண்ணைத் திற. மேல பாரு, என் விரலைப் பாரு."

கண் திறந்தது, மேலே போகவில்லை. கருவிழிகள் பாதி வழியில் நின்றன. நாடியைப் பிடித்தேன். மெதுவாக ஓடியது. நோயில் கிடக்கும் குழந்தையின் நாடி வேகமாக ஓடினால் நான் பயப்பட மாட்டேன். மெதுவாக ஓடினால் பயப்படுவேன். தலையைத் தொட்டுப் பார்க்கக் கையைக் கொண்டுபோனேன்.

மூடிய கண் மூடியபடி இருக்க, அந்தக் குழந்தையின் வலது கை மேலே வந்தது. வலது காதுக்குப் பின்னால் சடையோடு சேர்த்து ஓரிடத்தைப் பொத்திக்கொண்டது.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. சும்மா கட்டி."

பெயரைக் கேட்டால் பாதியோடு நின்றுவிடுகிற குழந்தை இதை மட்டும் முழுதாகச் சொன்னது.

"எனக்கும் இப்படித்தான் கையைத் தட்டிவிட்டா மேடம். எரிச்சல்ல இருக்கான்னு விட்டுட்டேன்" என்றான் சரவணன்.

நான் அந்தக் கையை மெல்ல விலக்கினேன். சடைக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சின்ன மேடு. அழுத்தினால் அமுங்குகிற வால்வு. அங்கிருந்து கழுத்து வழியாக ஒரு கயிறு போல இறங்குகிறது. காறை எலும்பைத் தாண்டுகிறது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தொப்புளுக்குப் பக்கத்தில் பழைய தழும்பு. இதற்கு மேல் என்ன வேண்டும்? குழந்தையின் மூளையிலிருந்து வயிறுவரை ஒரு குழாய் ஓடுகிறது. ஷன்ட். அது அடைத்துக்கொண்டிருக்கிறது.

"ஷன்ட் எப்ப வெச்சது?" என்று தமிழில் கேட்டேன்.

முருகேசன் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். "என்னது வச்சது? டாக்டரம்மா என்ன கேக்காவ, ஏலே?"

செல்விதான் வாயைத் திறந்தாள். ஆனால் தமிழில் இல்லை.

"மேடம், ஆட் மஹின்யாஞ்சி அஸ்தானா. மதுரைலா."

எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது, மதுரையில். மகள் சாகக் கிடக்கிறாள், தமிழ்நாட்டுத் தாய் தமிழ் டாக்டரிடம் மராத்தியில் பதில் சொல்கிறாள், நாத்தனாருக்குப் புரிந்துவிடக் கூடாது என்பதற்காக. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்த நேரமும் இல்லை.

தோல் வழியாக வால்வுக்குள் ஊசி போட்டேன். நீர் சொட்டக்கூட இல்லை. மேல்முனையே அடைபட்டிருந்தது. ஓட்டமாக சிடி. படத்தில் மூளைக்குள் இருக்கும் அறைகள் வீங்கி, மூளையை மண்டை ஓட்டோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருந்தன. அங்கிருந்து நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போனோம்.

3. தலைக்குள் நீர்

தெரியாதவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். எல்லார் தலைக்குள்ளும் நீர் உண்டு. மூளைக்குள் சில அறைகள் இருக்கின்றன. அங்கே நாள் முழுக்க நீர் சுரக்கும், சுற்றி ஓடும், கடைசியில் ரத்தத்தில் கலந்துவிடும். சுரப்பு நிற்பதே இல்லை. போகிற வழி அடைத்தால் நீர் தேங்கும். குளியலறையில் தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்துக்கொண்டு குழாயை மூட முடியாவிட்டால் என்ன ஆகுமோ அதுதான்.

கைக்குழந்தைக்கு மண்டை எலும்புகள் இன்னும் சேர்ந்திருக்காது. அதனால் தலை பெரிதாகும், உச்சிக்குழி விம்மும், கண்கள் கீழ்நோக்கியே இருக்கும். மாதா மாதம் ஒரு டேப்பைத் தலையில் சுற்றி அளந்தாலே கண்டுபிடித்துவிடலாம். வளர்ந்த குழந்தைக்கு எலும்பு மூடிவிட்டது. தலை பெரிதாக வழியில்லை; அழுத்தம்தான் ஏறும். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்தை ஓய்வு என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகிற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

கிரகணத்தில் வெளியே போனதால் வருவதில்லை இது. தாய் செய்த பாவத்தாலும் இல்லை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வழி குறுகலாக இருக்கும்; சிலருக்குக் குறைமாதப் பிறப்பில் ரத்தக் கசிவு, சிலருக்கு மூளைக் காய்ச்சல், கட்டி. சில குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப் விட்டு உள்ளேயே புது வழி திறந்துவிடலாம். மற்றவர்களுக்கு ஷன்ட். தோலுக்கு அடியில் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்தக் குழந்தைகளில் எத்தனையோ பேர் படிக்கிறார்கள், ஓடுகிறார்கள், என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறார்கள்.

ஆனால் ஒன்று. ஷன்ட் வைத்தால் நோய் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. அது ஒரு குழாய். எந்த வயதிலும், எந்த நாளிலும் அடைக்கலாம். அடைத்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து வந்துவிடும். அதனால் குழந்தையைச் சுற்றி இருக்கிற ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். டீச்சருக்கு, வேன் டிரைவருக்கு, பக்கத்து வீட்டுக்கு, அத்தைக்கு.

4. முறை

புதுக் குழாய் போட்டுவிட்டு வெளியே வந்தேன். சண்முகவடிவைக் கீழே கேன்டீனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கணவன் மனைவி இருவரையும் என் அறையில் உட்கார வைத்தேன். சரவணன் சுவரோரம் நின்றான்.

"ஏன் சொல்லல?"

முருகேசன் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். "மேடம், அக்காவுக்கு ஒரு பையன் இருக்கான். ஏழாவது படிக்கான். அக்கா இவளைப் பொறந்ததுலேர்ந்தே 'என் மருமவ'ன்னுதான் கூப்பிடுவா. முறை இருக்குல்லா..."

"ஹரிணி என்ன படிக்கிறா?"

"நாலாவது."

"நாலாவது படிக்கிற பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்க. அவ அஞ்சாவது போவாளான்னு யார் பாக்குறது?"

செல்வி சொன்னாள்: "முதல் நாள் காலைல வாந்தி எடுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிட்டு மேடம். ஷன்ட்டுதான், போலாம்னு சொன்னேன். 'அக்கா புதன்கிழமை வண்டி ஏறட்டும், அப்புறம் போலாம்'னாரு. பக்கத்து கிளினிக்குக்குப் போனோம், மதினியும் கூடவே வந்துட்டாங்க. அங்கயும் சொல்ல முடியல. அந்த டாக்டரு 'பித்த ஜாலய்', பித்தம்தான்னு மாத்திரை குடுத்தாரு. பித்தம்னதும் மதினி கோகம் பழச் சர்பத் கரைச்சுக் குடுக்கச் சொன்னாங்க. குடுத்தேன்."

மகாராஷ்டிரத்தில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் பித்தம், நம்மூரிலும் பித்தம்தான். இரண்டு ஊர்க்காரர்களும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் தப்பாகப் போயிற்று. தெரிந்தே சர்பத் கரைத்திருக்கிறாள் தாய். அவளைத் திட்டுவதா, அழவிடுவதா என்று தெரியாமல் இருந்தேன்.

"ஸ்கூலுக்குத் தெரியுமா?"

"இல்ல மேடம். பழைய பில்டிங்ல கீழ் வீட்டு ஜோஷி மாமிக்கு மட்டும் தெரியும். அங்க ஒண்ணா இருந்தப்போ பார்த்திருக்காங்க. ஸ்கூல்ல தமிழ் டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க, அதனால..."

அப்போது புரிந்தது. மராத்திக்காரர்களுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, செய்தி சங்கரன்கோவிலுக்குப் போகாது. ஒரு தமிழ்க் காதுக்கு எட்டினால் சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸாப்பில் வந்துவிடும். அதனால்தான் குழந்தைக்கு இரட்டைச் சடை. அதனால்தான் 'சும்மா கட்டி' என்ற பாடம். அதனால்தான் மதுரை ஆஸ்பத்திரிக் காகிதங்கள் மதுரையிலேயே கிடந்தன.

சரவணன் முதல்முறையாகப் பேசினான். "நான் தனியா உங்ககிட்ட கேட்டேனே சார். அக்கா அப்ப தண்ணி வாங்கப் போயிருந்தாங்க."

முருகேசன் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க ஒரு ஹிந்திக்காரரா இருந்தா காதோட சொல்லிருப்பேன் தம்பி. தென்காசின்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் எனக்கு நாக்கு எழும்பல."

சரவணன் முகம் கறுத்துப்போயிற்று. அவன் செய்ததில் பாதி சரி: அன்பாகப் பேசினான், ஊர் கேட்டான். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். தமிழ்க் குடும்பம் வந்தால் தமிழ் டாக்டரைக் கூப்பிடு என்பது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். தமிழில் பேசினால் மனம் திறப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே அந்தத் தமிழ்தான் கதவைச் சாத்தியது. ஆனால் தலையைத் தொட்டுப் பார்க்க எந்த மொழி வேண்டும்? அதற்காக அவனைத் தனியாகக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினேன். அதை இங்கே எழுத முடியாது.

5. வால்வு மாட்டுகிறவர்

இதற்கு முந்தைய ஒரு கேஸையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பெற்றோரையும் நான் ஒரே தராசில் நிறுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். ஆகுர்டியில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர் காளே. மகனுக்கு ஷன்ட் வைத்தோம். அன்று முதல் அவர் பார்ப்பவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்வார். "நான் ஃபேக்டரில நாள் பூரா வால்வு மாட்டுறேன், என் பையன் தலையிலயே ஒண்ணு மாட்டிட்டாங்க" என்று ஹிந்தியில் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஷேர் ஆட்டோக்காரருக்குத் தெரியும், வடா பாவ் கடைக்காரருக்குத் தெரியும். எனக்கே சலிப்பாக இருக்கும்.

ஒருநாள் ஸ்கூல் வேனில் பையன் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கிப்போனான். டிரைவர் அவனை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மற்றக் குழந்தைகளோடு வேனை நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "டோக்யாத் வால்வ் ஆஹே, லவ்கர் பகா" என்று கத்தினார். தலையில் வால்வு இருக்கிறது, சீக்கிரம் பாருங்கள் என்று. அந்தப் பையனுக்கு ஒரு சேதமும் இல்லாமல் போயிற்று.

காளே மராத்தி, முருகேசன் தமிழ் என்பதல்ல இங்கே வித்தியாசம். மராத்தி வீடுகளிலும் மறைப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். எல்லா மொழியிலும் மறைக்கப்படுவது பெண் குழந்தைதான். பையனின் குழாய் கதையாகிறது, பெண்ணின் குழாய் களங்கமாகிறது. வேலையில் இருந்த காலம் முழுவதும் ஒரு ஆண் குழந்தையின் தகப்பனும் என்னிடம் 'முடி மறைக்குமா மேடம்' என்று கேட்டதில்லை.

முருகேசன் கேட்டார். அதே அறையில், அதே நாளில்.

6. கண் விழித்ததும்

ஐசியூவில் ஹரிணி கண் விழித்தபோது நானும் சரவணனும் இருந்தோம். பாதித் தலை மழித்துக் கட்டுப் போட்டிருந்தது. மேலே பார் என்றேன், பார்த்தாள். கையை அழுத்து என்றேன், அழுத்தினாள். நான் மூச்சு விட்டேன்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தாள். அப்புறம் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, தட்டுத் தடுமாறிய தமிழில் கேட்டாள்: "ஆன்ட்டி... அத்தைக்கு பதா சல் கயா? தெரிஞ்சிருச்சா?"

சரவணன் மானிட்டரைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய குழந்தை அம்மாவைக் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டதா என்று கேட்டாள். மூன்று நாள் தலை வெடிக்கிற வலியில் டீச்சரிடம் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லியிருக்கிறாள், கிளினிக்கில் சொல்லியிருக்கிறாள், என்னிடமும் சொன்னாள். பெரியவர்கள் இரண்டு பேர் சுமக்க முடியாததை நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துவைத்திருந்தார்கள்.

நான் வெளியே போனேன். மூவரும் பெஞ்சில் இருந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்காமல் சண்முகவடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெற்றோர் மறைக்கச் சொன்னதை டாக்டர் வெளியே சொல்லலாமா என்று சட்டம் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தை இனி அத்தைக்கு முன்னால் தலையைப் பொத்த வேண்டியதில்லை, எனக்கு அது போதும்.

அந்த அம்மாள் தம்பியை ஓங்கி முதுகில் ஓர் அடி போட்டார். "ஏலே, இதுக்கா பிள்ளையைக் கொல்லப் பாத்தே? நான் என்ன ராட்சசியா? எங்கிட்டச் சொன்னா நான் வேண்டாம்னா சொல்லிருவேன்?" என்று சொல்லி, அழவும் செய்தார். உண்மையான அழுகை. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அவரே சொன்னார்: "சரி, நடந்தது நடந்துபோச்சு. ஊர்ல மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம், என்ன?"

"யாருக்கும் சொல்லாமத்தான் மதினி இங்க வந்து உக்காந்திருக்கோம்" என்றாள் செல்வி.

7. பிறகு

ஹரிணி பிழைத்தாள். இடது கண் பிழைக்கவில்லை. அழுத்தம் அத்தனை நாள் நின்றதில் பார்வை நரம்பு வெளுத்துப்போயிருந்தது; வெளிச்சமும் இருளும் தெரியும், அவ்வளவுதான். முதல் நாளே வந்திருந்தால் இரண்டு கண்ணும் இருந்திருக்கும். புதன்கிழமைவரை காத்திருந்தால் ஹரிணியே இருந்திருக்க மாட்டாள். இதை முருகேசனிடம் இப்படியே சொன்னேன், சர்க்கரை தடவாமல்.

அதற்குப் பிறகு என் யூனிட்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். நோயாளி வீட்டுக்காரர்களின் மொழி பேசுகிற டாக்டர் ஒருமுறை கேட்க வேண்டும். அந்த மொழி பேசாத இன்னொருவர், உறவினர் யாரும் இல்லாமல், தாயைத் தனியாக மறுபடி கேட்க வேண்டும். யார் என்ன பதில் சொன்னாலும் சரி, குழந்தையின் தலையிலும் கழுத்திலும் வயிற்றிலும் விரல் வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். சின்ன டாக்டர்களே, நம் வேலையில் வாய் சொல்வது பாதிதான். அந்தப் பாதியிலும் மாமனார், நாத்தனார், சம்பந்தி எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

சில மாதம் கழித்து ஹரிணி ரிவ்யூவுக்கு வந்தாள். முடி பையன் மாதிரி குட்டையாக வளர்ந்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். நான் ஓபிடி வாசலில் நின்று இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். முருகேசனின் டிப்போவில் வேலை செய்கிற தமிழர் ஒருவர் எதிரே வந்து, "என்ன முருகேசு, ஆஸ்பத்திரில? பாப்பாக்கு என்ன?" என்று கேட்டார்.

"சும்மாதாண்ணே. கண்ணு செக்கப்பு" என்றார் முருகேசன். ஒரு கண் போன பிறகும், என் காதுபடவே.

"இல்ல அங்கிள்" என்றாள் ஹரிணி. நடைபாதையில் காத்திருந்த எல்லாருக்கும் கேட்டது. "எனக்குத் தலைல ஷன்ட் இருக்கு. அது பிளாக் ஆயிடுச்சு. யாரும் சொல்லல, அதான் ஒரு கண்ணு போயிடுச்சு."

முருகேசன் மகளை முறைத்தார். நான் முருகேசனை முறைத்தேன், அவர் தலையைக் குனிகிறவரை.